விரிதாளில் விளக்கப்படத் திருத்தம்

விரிதாளில் உள்ள எண்களிலிருந்து உருவான விளக்கப்படத்தின் வகை, அச்சு, நிறம், தலைப்பு, தரவு எல்லை முதலியவற்றைப் பயனர் மாற்றியமைப்பது விளக்கப்படத் திருத்தம் எனப்படும். படத்தை உருவாக்குவது இன்று நொடி வேலை; அதை நினைத்தபடி திருத்துவதில்தான் நேரம் போகிறது.

1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், நட்சத்திரக் குறிகளை அடுக்கிக் காட்டுவதற்கு மேல் படம் வரையாது. மிட்ச் கபோர் எழுதிய விசிபிளாட் என்ற தனி மென்பொருள் அந்தக் குறையைப் போக்கியது. பின்னர் அவரது லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 1-2-3 (1983), கணக்கையும் படத்தையும் ஒன்றுசேர்த்தது. எண்ணை மாற்றி எஃப்10 விசையை அழுத்தினால் புதிய படம் தோன்றும். ஆனால் திருத்தமெல்லாம் பட்டிக் கட்டளைகள் வழியேதான். அச்சிட வேறு நிரலுக்குப் போக வேண்டும்.

சுட்டியால் பொருளையே தொட்டு மாற்றும் முறைக்கு நேரடிக் கையாளுகை என்று பெயர். கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1980களின் தொடக்கத்தில் இக்கருத்தை வகுத்துரைத்தார். எக்செல் 2003 வரை இது விளக்கப்படத்தின் தரவுக்கும் பொருந்தியது. கோட்டில் உள்ள ஒரு புள்ளியை மேலே இழுத்தால் நுண்ணறையில் உள்ள எண்ணும் உயரும். அங்கே வாய்பாடு இருந்தால், எந்த உள்ளீட்டை மாற்றலாம் என்று மென்பொருள் கேட்கும். 2007 பதிப்பில் இவ்வசதி நீக்கப்பட்டது. கை தவறினால் கணக்கே மாறிவிடும் என்பது உண்மைதான். எனினும் வரவுசெலவுத் திட்டம் போடுபவருக்கு அது அருமையான கருவி; விரும்பியவர் இயக்கிக்கொள்ளும் தெரிவாகவாவது விட்டிருக்கலாம். அதே பதிப்பில் விளக்கப்பட வடிவமைப்பை மேக்ரோவாக, அதாவது மீண்டும் இயக்கக்கூடிய கட்டளைத் தொகுப்பாக, பதிவுசெய்வதும் பழுதுபட்டது, 2010இல்தான் சீரானது.

எதைத் தேர்ந்திருக்கிறோம் என்பதே பலருக்கும் முதல் குழப்பம். எக்செலில் ஒரு தூணை ஒருமுறை சொடுக்கினால் அது சேர்ந்த தரவுத் தொடர் முழுவதும் தேர்வாகும்; மறுபடி சொடுக்கினால்தான் அந்த ஒரு தூண். ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகளில் சுட்டி உதவாது. வடிவமைப்புத் தாவலில் உள்ள உறுப்புப் பட்டியலில் பெயரைத் தேர்வதே எளிது. லிப்ரெஆபிஸில் படத்தை இருமுறை சொடுக்கித் திருத்த நிலைக்குள் நுழைய வேண்டும். கூகுள் ஷீட்ஸ் வலப்பக்கப் பலகத்தைத் தரவுக்கு ஒன்று, தோற்றத்துக்கு ஒன்று என இரு தாவல்களாகப் பிரித்துள்ளது. புதியவருக்கு இதுவே தெளிவான ஏற்பாடு.

மென்பொருள் தானாக எடுக்கும் முடிவுகள் இதைவிடச் சிக்கலானவை. மிகச்சிறிய மதிப்பு, மிகப்பெரியதில் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினால் எக்செல் அச்சைச் சுழியத்தில் தொடங்காது. விற்பனை 90, 95, 98 என்றிருந்தால் தூண்களின் உயரம் பெரும் வளர்ச்சி போலத் தோன்றும். எண் பொய்யில்லை, படம்தான் மிகைப்படுத்துகிறது. கவனிக்காத பயனர் அப்படியே அறிக்கையில் ஒட்டிவிடுகிறார். இத்தகைய முடிவுகள் பயனரின் கண்ணில் பட வேண்டும், மாற்ற இயல வேண்டும், மாற்றியதைத் தானியங்கி நிலைக்குத் திருப்பவும் வழி வேண்டும்.

எக்செல் 2013 பழைய உரையாடல் பெட்டிகளுக்குப் பதிலாகப் பக்கப் பலகத்தைக் கொண்டுவந்தது. படத்தின் அருகே உறுப்புகள், பாணி, வடிகட்டி ஆகியவற்றுக்கு மூன்று பொத்தான்களும் வந்தன. பலகத்தின் அச்சுப் பகுதியில் எல்லை தானாக அமைந்ததா, பயனர் இட்டதா என்பது ஒவ்வோர் எல்லையின் அருகிலும் தெரியும். பயனர் இட்டதாயின், அதை நீக்கி மீட்கும் பொத்தானும் அங்கேயே உள்ளது.