ஆவின் வழிவந்த ஓர் ஆங்கிலச் சொல்

விலங்கின் பெயரடியாகப் பிறந்த பெயரடைகள் ஆங்கிலத்தில் பல உண்டு. நாய்க்குரியது, பூனைக்குரியது, குதிரைக்குரியது எனப் பொருள்தரும் அவை பெரும்பாலும் இலத்தீன் வழி வந்தவை. தாம் பிறந்த விலங்கை மறவாதவை. ஒன்று மட்டும் அதனை அடியோடு மறந்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் டோம்பிவிலியில் நாமெல்லாம் ஆதார் அட்டையும் கையுமாய் வரிசையில் நின்று ஓயாது உச்சரித்த ‘வாக்சின்’ என்னும் சொல்லே அது.

இலத்தீனில் ‘வாக்கா’ என்பது பசு. ‘வாக்கினுஸ்’ என்பது பசுவுக்குரியது. இதற்கு நேரான தமிழைத் தேடி அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. ‘ஆ’ என்னும் பெயர் இன் சாரியை பெற்று ‘ஆவின்’ என நிற்கும். ஆவின் பால் என்பது முழுத்தொடர். தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் நிறுவனம் அதனைத் தன் பண்டங்களுக்குப் பெயராகச் சூட்டியபின், பால் என்ற சொல் உதிர்ந்தாலும் பொருள் குறைவதில்லை. ஊருக்குச் செல்லும்போது “ஆவின் வாங்கி வா” என்றே கேட்கிறோம். பெயரடை பெயராகிவிட்டது. ‘வாக்சின்’ என்பதற்கு நேர்ந்ததும் இதுவே.

1796 மே 14 அன்று, இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் வட்டார மருத்துவர் எட்வர்டு ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸின் கையில் கீறி இட்டார். 1798இல் அவர் வெளியிட்ட நூலில் அந்நோய்க்குத் தந்த இலத்தீன் பெயர் ‘வேரியோலே வாக்கினே’. அதாவது பசுவின் அம்மை. ஆண்டு இரண்டு செல்வதற்குள், 1800இல், ரிச்சர்டு டன்னிங் என்னும் அறுவை மருத்துவர் அந்தப் பெயரடையிலிருந்து ‘வாக்சினேஷன்’ என்ற தொழிற்பெயரை ஆக்கினார். அம்மை உதிர்ந்தது, பசு மட்டும் நின்றது.

அச்சொல்லுக்குரிய பொருள் இந்திய மண்ணில் முதன்முதலாக இறங்கிய இடம் நம் மும்பையே. வெப்பத்தில் அந்த நீர் எளிதில் வீரியம் இழந்துவிடும். கப்பலில் அனுப்பியவை பல முறை பயனற்றுப் போயின. இறுதியில் வியன்னாவிலிருந்து பாக்தாது, பஸ்ரா வழியாக வந்த நீர் 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் கையில் பற்றியது. அவள் கைக் கொப்புளத்திலிருந்து வேறு சில குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து மற்றவர்க்கும், பின்னர்ப் புனே, சூரத்து, ஐதராபாத்து, சென்னை, இலங்கை என்றும் அது பரவியது. நாட்டின் முதல் அம்மைப்பால் ஒரு குழந்தையின் கையில் ஊறியதென்க.

இங்கேதான் அச்சொல் தன்னை ஆக்கியவர்களையே ஏமாற்றியது. பசுவைப் போற்றும் மக்கள் பசுவின் கொடை என்றால் மனமுவந்து ஏற்பர் என ஆங்கில அதிகாரிகள் பலர் எண்ணினர். மக்களோ, வந்த பொருளைப் பசுவின் மடியில் காணவில்லை; அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையில் கண்டனர். அது யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி என்ற கேள்வி உடனே எழுந்தது. வெட்கத்துக்குரிய கேள்விதான், ஆயினும் எழுந்தது. சென்னையில் கலெக்டராயிருந்தவரும் திருக்குறளில் தோய்ந்தவருமான எல்லீஸ் துரை, பசு அம்மையின் பெருமையை வடமொழியில் செய்யுளாக இயற்றி, அது பழைய நூல் போலத் தோன்றச் செய்தார் என்று அக்காலத்து ஆங்கிலேயரே எழுதி வைத்துள்ளனர். நல்ல நோக்கத்துக்காகச் செய்த பொய் என்று நாம் மன்னிக்கலாம். ஆனால் அதனை மெய்யென நம்பி, நம் முன்னோர் ஜென்னருக்கு முன்பே இம்முறையை அறிந்திருந்தனர் என்று பேசியோர் நெடுங்காலம் இருந்தனர். அதை மன்னிப்பது சற்றுக் கடினம்.

நம் மொழிகள் வைத்த பெயர்களில் பசு இல்லை என்பது கருதத்தக்கது. தமிழர் ‘அம்மை குத்துதல்’ என்றனர். மராத்தியர் ‘தேவி டோச்ணே’ என்றனர். இரண்டிலும் இருப்பவள் அம்மன். மராத்தியில் இன்று வழங்கும் ‘லஸ்’ என்பது கொப்புளத்து நீரைச் சுட்டுவது. இந்தியின் ‘டீகா’ நெற்றிப் பொட்டையும் குறிப்பது. அவரவர் கண்ணால் கண்டதற்கே பெயரிட்டனர். கன்றின் உடலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை பின்னர்தான் பரவியது; 1899இல் தோன்றிய கிண்டி கிங் நிலையத்தின் தொடக்ககாலப் பணியும் அதுவே.

1881இல் இலண்டன் மருத்துவ மாநாட்டில் லூயி பாஸ்டர், ஜென்னரைச் சிறப்பிக்கும் வகையில் எந்நோய்த் தடுப்புக்கும் ‘வாக்சின்’ என்ற சொல்லையே வழங்கலாம் என்றார். பசு அத்துடன் விடைபெற்றது. பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவரான ஹாஃப்கின் 1897 ஜனவரியில் மும்பையில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்த பிளேக் மருந்தில் இருந்தவை கொல்லப்பட்ட கிருமிகளே. மின்வண்டியில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பரேலில் அவர் பெயரால் நிலையம் இன்றும் உள்ளது.

பெரியம்மை 1980இல் உலகைவிட்டே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் வெளிவந்த செய்தி ஒன்று சுவையானது. 1902இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய அம்மைப்பாலின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டவர்கள், அது பசு அம்மையைவிடக் குதிரை அம்மைக்கே மிக நெருங்கியது என்று கண்டனர். பசுவுக்கு வந்த நோய் குதிரையின் குளம்படியிலிருந்து வந்ததாகலாம் என்று ஜென்னரே ஐயுற்றிருந்தார். பெயர் வைத்ததில் குதிரைக்கு வழக்குத் தொடர இடமுண்டு.

பசுவுக்கும் வேறோரிடத்தில் உரிமையுண்டு. நம் தலைமுறையினர் பலரின் இடது தோளில் உள்ள தழும்பு பெரியம்மைக்கானதன்று, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியினது. கால்மெட், கெரான் என்னும் இரு பிரெஞ்சுக்காரர், பசுவின் காசநோய்க் கிருமியை 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்தனர். 1921இல் பாரிசில் அது முதலில் ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. 1948 முதல் அதனை நம் நாட்டில் செய்யத் தொடங்கிய கூடமும் சென்னைக் கிண்டியில்தான் அமைந்தது.