தெப்பக்குளத்துப் பாதிரியார்

ஜவுளி எடுக்க மலைக்கோட்டைப் பக்கம் போனால், தெப்பக்குளம் அருகே உள்ள கிறைஸ்ட் சர்ச்சையும் ஒரு நிமிடம் பாருங்கள். 1766-இல் அதைக் கட்டியவர் ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். தமிழ் நன்றாகப் பேசுவார்.

1779-இல் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச, கம்பெனி இவரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. (நம் ஸ்ரீரங்கம் அல்ல; காவிரியின் மேற்கே இருக்கும் இன்னொரு அரங்கன் ஊர்!) வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூரில் பள்ளிக்கூடம் தொடங்க முதல் நன்கொடையாக்கிவிட்டார்.

சமாதானம்தான் நிற்கவில்லை. மறு ஆண்டே போர், பின்னாலேயே பஞ்சம். தஞ்சைக் கோட்டைக்குள் அரிசி இல்லை. காசு கிடைக்காது என்று ராஜாவையும் கம்பெனியையும் நம்பாத குடியானவர்கள், ஸ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பேசியபடி காசையும் அவரே கையில் கொடுத்தார்.