இமாடினிப் காப்புரிமை வழக்கு

இமாடினிப் காப்புரிமை வழக்கு என்பது, நாட்பட்ட மைலாய்டு வெண்குருதிப்புற்றுக்கு அளிக்கப்படும் இமாடினிப் மெசிலேட்டு என்னும் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு இந்தியக் காப்புரிமை கோரி, சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிசு நிறுவனம் நடத்திய சட்டப் போராட்டம் ஆகும். 1998 சூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விண்ணப்ப எண் 1602/எம்ஏஎஸ்/1998. நகரின் பெயர் 1996 இலேயே சென்னை என மாறிவிட்டாலும் கோப்பில் மெட்ராசு ஒட்டிக்கொண்டிருந்தது. கோப்பு முழுவதும் வேதியியல்தான். ஆனால் ஒரு நோயாளியின் மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 ரூபாயா, 10,000 ரூபாய்க்குள்ளா என்பது அதன் முடிவில் அடங்கியிருந்தது.

கைனேசும் புற்றும்

புரத கைனேசு என்பது ஒரு நொதி. அது ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாசுபேட்டை எடுத்து வேறொரு புரதத்தின்மேல் ஒட்டுகிறது. ஒட்டியவுடன் அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். மனித மரபுத்தொகுதியில் இத்தகைய நொதிகளுக்கு 500க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. உயிரணு இப்போது பிரியலாமா, பொறுக்க வேண்டுமா என்ற கட்டளைகளில் பல இவற்றின் வழியாகவே செல்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதாகி எப்போதும் இயங்கும் நிலையில் சிக்கிக்கொண்டால், தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் நிறுத்த முடியாத மோட்டார் போல, உயிரணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

இதற்குத் தெளிவான சான்று கிடைத்தது மேற்சொன்ன வெண்குருதிப்புற்றில்தான். 1960 இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் அங்கர்போர்டு இருவரும் இந்நோயாளிகளின் குருதியணுக்களில் இயல்பைவிடக் குட்டையான ஒரு நிறப்புரியைக் கண்டனர். 9 ஆம் நிறப்புரியும் 22 ஆம் நிறப்புரியும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது என்று 1973 இல் சேனட் ரவுலி காட்டினார். துண்டுகள் மாறிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து, பிசிஆர்-ஏபிஎல் என்னும் ஓயாத கைனேசு பிறக்கிறது என்பது 1980களில் தெளிவாயிற்று.

அந்த ஒரு நொதியை அடைத்துவிட்டால் போதுமே என்பது எளிதான எண்ணம். ஆனால் எல்லாக் கைனேசுகளும் ஏடிபியையே பற்றுவதால், ஒன்றுக்குப் போடும் பூட்டு மற்றவற்றையும் பூட்டிவிடும் எனப் பலர் ஐயுற்றனர். யூர்க் சிம்மர்மான், நிக்கோலசு லைடன் ஆகியோர் அடங்கிய குழு, பின்னர் நோவார்ட்டிசில் இணைந்த சீபா-கெய்கி நிறுவனத்தில் இமாடினிப்பை உருவாக்கியது. பிரையன் துருக்கர் 1998 சூன் மாதத்தில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்ற 54 பேரில் 53 பேருக்குக் குருதியணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் இப்படி ஒரு கணக்கைப் பார்ப்பது அரிது. அமெரிக்க அரசு 2001 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது. மாத்திரை நோயைக் கட்டுக்குள் வைக்கிறது. ஆகையால் பெரும்பாலோர் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கியாக வேண்டும்.

ஆலத்தூரும் 1970 சட்டமும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிச் சிட்கோவின் மருந்துத் தொழிற்பேட்டை உள்ளது. இந்தியாவில் இத்தகைய பேட்டைகள் பெருகியதற்கு 1970 ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் ஒரு முதன்மைக் காரணம். அச்சட்டம் மருந்து செய்யும் முறைக்குக் காப்புரிமை தந்தது, மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. வேறு முறையில் செய்யத் தெரிந்தவர் அதே மருந்தைச் செய்து விற்கலாம். உலக வணிக அமைப்பின் உடன்பாட்டால் 2005 சனவரி 1 முதல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது.

மாமல்லபுரக் கரையோர ஊர் ஒன்றில் இந்நோய் வந்தவருக்கு இது தொலைவான செய்தி அன்று. 1954 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். கடலுக்குப் போன நாளில் மட்டும் வருமானம் காணும் குடும்பம், மாதம் இலட்ச ரூபாய் மாத்திரைக்கு எங்கே போகும்? பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்று நோவார்ட்டிசு கூறிவந்தது. அந்த உதவித் திட்டம் உண்மையானதே. ஆனால் கொடை என்பது கொடுப்பவர் விருப்பம். கடையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பது வேறு.

சென்னையில் நடந்தவை

2003 நவம்பரில் நோவார்ட்டிசுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களின் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்து நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, எட்டெரோ ஆகிய நிறுவனங்களும், மும்பையின் கேன்சர் பேசன்ட்சு எய்டு அசோசியேசன் அமைப்பும் மனு அளித்தன. 2006 சனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது.

தள்ளுபடிக்கான காரணங்களுள் ஒன்று 2005 திருத்தத்தில் வந்த 3(டி) பிரிவு. தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் பயன்திறனைக் கூட்டினாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது அதன் சாரம். இப்பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிசு வழக்குத் தொடுத்தது. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அடங்கிய அமர்வு 2007 ஆகத்து 6 அன்று அதை மறுத்தது. (பிரபா ஸ்ரீதேவன் பின்னாளில் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களுள் ஒருவர்.) சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2009 சூனில், கண்டுபிடிப்பில் புதுமை உண்டு என ஏற்றும், 3(டி) பிரிவின்படி பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் வேதியியலுக்குள்ளேயே இறங்கினர். பீட்டா படிகம் எளிதில் சிந்தி ஓடும், நிலைப்புத்தன்மை மிக்கது, ஈரத்தைக் குறைவாக இழுக்கும். இவை ஆலைக்கு நல்லவை, நோயைத் தீர்க்கும் திறனைக் கூட்டுபவை அல்ல என்றனர். உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதமும் நிற்கவில்லை. அந்த ஒப்பீடு தனி இமாடினிப்புடன் செய்யப்பட்டது. ஒப்பிட வேண்டியதோ முன்பே அறியப்பட்ட இமாடினிப் மெசிலேட்டுடன். தீர்ப்பின் வலுவான பகுதி இதுவே எனலாம்.

2015 இல் உலக நலவாழ்வு அமைப்பு இமாடினிப்பை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. எனினும் சில நோயாளிகளில் பிசிஆர்-ஏபிஎல் கைனேசு உருமாறி, மருந்து பற்றும் இடம் மாறிவிடுகிறது. அவர்களுக்காக வந்த தாசாடினிப் தனியொரு புதிய மூலக்கூறு. பழைய பொருளின் புது வடிவத்துக்கான தடை அதற்குப் பொருந்தவில்லை. அதற்கு இந்தியாவில் காப்புரிமை கிடைத்து, 2020 வரை நடப்பில் இருந்தது.