உருக்காலை இருந்த இடத்தில் ஓர் ஏரி

டோட்முண்ட் நகரின் ஹோர்டே பகுதியில் பீனிக்ஸ் ஏரியைச் சுற்றி நடக்கிற எங்கட ஆக்கள் பலருக்கு, அது 2010 வரை ஏரியே இல்லை எண்டது தெரியாது. 1841இல் பீப்பன்ஸ்டொக் என்பவர் அங்கு இரும்பாலை தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக அதுதான் ஊருக்குச் சோறு போட்டது. 2001இல் உருக்காலை மூடப்பட்டது. இயந்திரங்களைக் கழற்றிச் சீனாவுக்குக் கொண்டு போனார்கள். பிறகு நிலத்தைத் தோண்டி, 2010 ஒக்ரோபரில் நீர் விடத் தொடங்கினார்கள். ஏரியின் பரப்பு 24 ஹெக்டேயர். நிலத்துக்கடியில் அடைபட்டு ஓடிய எம்ஷர் ஆறும் வெளியே வந்தது.

என்னோட வேலை செய்யிற வயதான ஜேர்மன்காரர் முந்தி அந்த ஆலையில் உழைத்தவர். கரையிலுள்ள மாடி வீடுகளைக் காட்டி, "இதில ஒண்டு வாங்க எங்களால ஏலாது" எண்டார். ஆலையின் பழைய உருக்குக் கொப்பரையை ஞாபகச் சின்னமாக ஏரியில் நிறுத்தியிருக்கிறார்கள். கொப்பரைக்கு இடம் கிடைத்துவிட்டது. உழைத்தவனுக்கு?