ஜோயி பிக்ஸா: அடங்காத சிறுவனின் தன்கூற்று

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. நிலையில் வாழும் சிறுவனைச் சிறார் புனைவின் நடுவில் நிறுத்தியவர்களுள் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கான்டோஸ் முக்கியமானவர். 1998இல் வெளிவந்த ‘ஜோயி பிக்ஸா ஸ்வாலோட் த கீ’ நாவலும், 2014 வரை அதைத் தொடர்ந்த நான்கு நாவல்களும் பென்சில்வேனியா மாநிலத்துச் சிறுவன் ஜோயியின் வாழ்க்கையைச் சொல்கின்றன. கதை சொல்பவனும் அவனே. இவ்வரிசையின் இலக்கியத் தகுதி பெரிதும் இந்தத் தன்கூற்றில்தான் இருக்கிறது.

துறுதுறுப்பு அடங்காத பிள்ளை சிறார் இலக்கியத்துக்குப் புதியவன் அல்லன். பிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஹ் ஹோஃப்மான் 1840களில் ஆக்கிய ‘ஸ்ட்ருவெல்பேட்டர்’ படநூலில், நாற்காலியில் ஆடி ஆடி மேசைவிரிப்போடு உணவையும் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் வருகிறான். இந்நிலையின் தொடக்ககாலச் சித்திரமாக மருத்துவ வரலாற்றில் அவன் அடிக்கடி சுட்டப்படுகிறான். ஆனால் அங்கே பார்வை முழுதும் பெரியவர்களுடையது. ஏன் ஆடுகிறாய் என்று பிலிப்பைக் கேட்பார் இல்லை.

ஜோயியைக் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அவன் நிறுத்தாமல் பேசுகிறான். காலை மாத்திரையின் வேகம் நண்பகலுக்குள் தணிந்துவிடுகிறது. வீட்டுச் சாவியை விழுங்குகிறான். பென்சில் சீவும் கருவிக்குள் விரலை நுழைக்கிறான். பிறகு, உலகுக்கு நல்லது செய்யும் வாசகங்களை ஒட்டுத்தாளில் எழுதும் ஆர்வத்தில் ஆசிரியையின் கத்தரிக்கோலோடு ஓடித் தடுக்கி விழ, சக மாணவி மரியாவின் மூக்கு நுனி துண்டாகிறது. பள்ளிக் குறிப்பேட்டில் இது ஒருத்தியைக் காயப்படுத்திய செயல் மட்டுமே. எண்ணத்துக்கும் கைக்கும் இடையே விழுந்த பிளவைக் காட்டப் புனைவுதான் வேண்டியிருக்கிறது. அதற்காக நாவல் அவனை விடுவித்துவிடுவதும் இல்லை. மரியாவின் காயம் உண்மை. சிறப்புக் கல்வி மையத்தில் கழியும் 6 வாரங்களும் உண்மை. சிரிப்பு மூட்டும் நிகழ்ச்சிகள் அவனைக் காட்சிப்பொருள் ஆக்குகின்றன என்று சொல்லக்கூடும். அச்சிரிப்பு அவனுடைய வாய்மொழியிலேயே பிறப்பதால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

முதல் நாவலின் குறை வேறிடத்தில் உள்ளது. தந்தைக்கும் பாட்டிக்கும் இதே துடிப்பு இருந்ததைக் காட்டி மரபுவழியைச் சுட்டும் ஆசிரியர், பாட்டியின் கொடுமையையும் தாயின் குடியையும் அதன்மேல் குவிக்கிறார். வளர்ப்புக் கோளாறே காரணம் என்று இளம் வாசகர் முடிவுகட்ட இடமுண்டு. மரபுக்கு இதில் பெரும் பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டும் நிலையில், இக்குழப்பம் சிறிதல்ல.

இரண்டாம் நாவலான ‘ஜோயி பிக்ஸா லூசஸ் கன்ட்ரோல்’ இம்முடிச்சை அவிழ்க்கிறது. கோடை விடுமுறையில் தந்தையிடம் பிட்ஸ்பர்க் செல்லும் ஜோயியின் மருந்து ஒட்டுப்பட்டைகளை அவர் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுகிறார். ஆண்பிள்ளைக்கு மருந்து எதற்கு என்பது அவர் எண்ணம். நேரப்போவது இன்னதென்று சிறுவனுக்குத் தெரியும். தந்தையின் அன்பை இழக்க மனமில்லாமல் இசைகிறான். நாள் செல்லச் செல்ல அவனது கட்டுப்பாடு கைநழுவுகிறது. அதை முதலில் உணர்பவனும் அவனே. மருந்தைப் போற்றியோ தூற்றியோ பாடம் நடத்தாமல், அது இல்லாத நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதை உள்ளிருந்து காட்டுவதுதான் இங்கு நிகழ்கிறது. இறுதியில் தாயை அழைப்பது ஜோயியே. தன் நிலையைத் தானே அறிந்து உதவி கேட்கும் பிள்ளையாக அவன் வளர்ந்திருக்கிறான்.

2005இல் வெளிவந்த ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் கதையோடு இதை ஒப்பிடலாம். அங்கே அமைதியின்மை போர்க்களத்தில் உயிர்காக்கும் தேவமகனின் ஆற்றல். ஏ.டி.எச்.டி. நிலையில் இருந்த தம் மகனுக்காக ரியோர்டன் புனைந்த கதை அது, ஆறுதல் தருகிறது. ஆயினும் குறை வரமாக மாறினால்தான் பிள்ளைக்கு மதிப்பு என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. எந்த வல்லமையும் வாய்க்காத ஜோயி, இருந்தபடியே நேசத்துக்கு உரியவனாகிறான்.

இரண்டாம் நாவல் 2001இல் நியூபெரி விருதின் சிறப்பு நூலாகத் தெரிவுசெய்யப்பட்டது. ஐந்தில் ஒன்றை மட்டும் வகுப்பறைக்கு எடுத்துச்செல்ல வேண்டுமானால், அதையே எடுத்துச்செல்ல வேண்டும்.