பர்மாவிலிருந்து வரும் சூடு

தேவகோட்டையிலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் வங்கக் கடலைக் கிழக்கே கடந்தார்கள். எதிர்த்திசையில், கப்பல் இல்லாமலே நம் கரைக்கு வரும் சரக்கு ஒன்று உண்டு: சூடு. ஏற்றிவருவது நீர்ச்சுழல்.

அதன் பிறப்பு நிலநடுக்கோட்டில் தொடங்குகிறது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று நீரைக் கிழக்கே தள்ளும். அப்படி எழும் அலை சுமத்ராவில் முட்டி, கரையோரமாகவே வடக்கே ஏறி, ஐராவதி முகத்துவாரத்தை அடைகிறது. கரை வளையும் அவ்விடத்தில் ஒரு பங்கு பிரிந்து மேற்கே போய், சுழல்களாக உடைகிறது. அகலம் 100, 200 கிலோமீட்டர். வேகமோ மாட்டு வண்டிக்கும் கீழே: நாளுக்கு 10 கிலோமீட்டர் போனாலே அதிகம்.

கடிகார முள்ளின் திசையில் சுற்றும் சுழல் நீரை நடுவில் குவிக்கும். மேலே கடல் ஒரு சாண் உயரும், அவ்வளவுதான். அடியிலோ வெதுநீர் பல பத்து மீட்டர் கீழே அமுங்கும். எதிர்ப்பக்கம் சுற்றுவது அடிக்குளிரை மேலே இழுக்கும். சத்துள்ள அந்த நீரில் பாசி பெருகும், மீன் கூடும். வேறு கடல்களில் காற்றே நீரைக் கலக்கிச் சூட்டை இறக்கிவிடும். இங்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் உப்புநீர்மேல் தனி அடுக்காக மிதப்பதால், காற்றால் அவ்வளவு ஆழம் கலக்க முடிவதில்லை. அதனால்தான் வங்கக் கடலில் சுழலுக்கு இத்தனை மரியாதை.

இறங்கிய சூடு சும்மா கிடக்காது. புயல் கடலைக் கடையும்போது அடியிலிருந்து குளிர்நீர் எழும்பிப் புயலையே தளர்த்தும். அடியிலும் வெதுநீர் என்றால் அந்தக் கடிவாளம் இல்லை. 2008 மே தொடக்கத்தில் நர்கிஸ் புயல் அப்படி மேடிட்ட, ஆழம்வரை சூடேறிய கடல்மேல் வந்தது. 24 மணி நேரத்தில் சாதாரணப் புயல் அதிதீவிரமானது. மே 2 அன்று ஐராவதிக் கழிமுகத்தில் ஏறியது. 1,30,000க்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மா விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்ததே, அந்த நெல் வயல்கள்தான் முழுகின.

எல்லாச் சுழலும் நம் கரைவரை வருவதில்லை. பல வழியிலேயே கலைந்துவிடும். வந்தவை கரையோர நீரோட்டத்தில் கரையும். மேடு எங்கே என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும். சூடு எவ்வளவு ஆழம் என்பதற்கு ஆர்கோ மிதவை வேண்டும். ஆளுயரக் குழாய் அது. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பமும் உப்பும் அளந்துகொண்டே மேலேறும். ஐதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இரண்டையும் சேர்த்துத்தான் வங்கக் கடலின் வெப்பக் கணக்கைப் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானிலைக்காரர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று.