'கம்பெரலிய': உரத்துப் பேசாத திரைக்காவியம்

சிங்களத் திரைப்படங்களில் எதனை முதலிற் பார்க்கலாம் என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தயங்காமற் சொல்லும் பெயர் 'கம்பெரலிய'. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவலை லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் திரைக்குக் கொண்டுவந்தார். அந்நாவலை எம்.எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழுக்கும் தந்துள்ளார்.

முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' (1947) உருவானது மதுரையில். அதன்பின்னரும் பல ஆண்டுகள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களின் பாட்டும் நடனமும் சண்டையுமே சிங்களத் திரையை ஆண்டன. அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படங்களோடு பழகிய லெஸ்ரர், 1956இல் 'ரேகாவ' மூலம் கமராவை உண்மையான கிராமத்துக்கு எடுத்துச் சென்றார். அதிலும் பாடல்கள் இருந்தன. 'கம்பெரலிய'வில் அவற்றையும் கைவிட்டார். வர்த்தக ரீதியில் அது பெருந்துணிச்சல்.

கதை எளியது. தென்னிலங்கை வளவு ஒன்றின் மகள் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவளை விரும்புகிறான். அந்தஸ்துக் குறைந்தவன் என்று அவனை ஒதுக்கும் பெற்றோர், தம் தரத்துக்கேற்ற ஜினதாசவுக்கு அவளை மணமுடித்துக் கொடுக்கின்றனர். வறுமையுற்ற ஜினதாச தொழில் தேடி ஊரைவிட்டுப் போகிறான். அவன் இறந்ததாகச் செய்தி வந்தபின், வணிகத்தாற் செல்வந்தனாகிவிட்ட பியலை நந்தா மணக்கிறாள்.

வேறொருவர் கையில் இது கண்ணீர்க் காவியமாகியிருக்கும். தந்தை கொடியவராகவும் பியல் வெற்றி வீரனாகவும் ஆகியிருப்பர். லெஸ்ரர் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வீழ்ந்த பின்னும் பெருமையை விடமுடியாத குடும்பத்தின்மீது அவருக்கு இரக்கமுண்டு. பணத்தால் ஆறாத பியலின் பழைய காயத்தையும் அவர் மறைக்கவில்லை. ஒரு வர்க்கம் சரிந்து இன்னொன்று எழுவதை வசனங்களால் அன்றி, களையிழந்த வீட்டாலும் நந்தாவாக நடித்த புண்ணியா ஹீந்தெனியவின் முகத்தாலுமே உணர்த்துகிறார்.

படம் மெதுவாக நகர்கிறது என்பாருண்டு. பெரியோர் முன்னிலையில் விருப்பு வெறுப்பைச் சொல்லிவிட முடியாத மனிதரின் கதை இது. அவர்களுடைய மௌனத்துக்கு அந்த நிதானம் தேவைப்படுகிறது.

1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் இப்படம் தங்க மயில் விருதை வென்றது. லெஸ்ரர் 2018இல் தமது 99ஆவது வயதில் மறைந்தார்.

குலப்பெருமையால் மகளின் விருப்பைக் கேளாத வீடுகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன. ஆனால் என் தலைமுறைத் தமிழரிற் பலர் சிங்களவரை அரசியலாலும் போர்ச் செய்திகளாலுமே அறிந்தோம். நான் எழுதிய செய்திகளும் பெரும்பாலும் அவையே. அவர்களை அவர்களது வீட்டுக்குள் வைத்துப் பார்க்க விரும்புவோர் 'கம்பெரலிய'வைப் பாருங்கள்.